பேய்க்கு ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு

ஆனையூர் தாமரைச்செல்விக்கு ஒருமுறை பேய் பிடித்தது. நல்ல விவரமான பேய்.

கொரோனா ஊரடங்கில் கல்லூரியை மூடியதும் அவளும் அண்ணன் ஜெயபாண்டியும் வீட்டுக்குள் அடைபட்டார்கள். இருந்தது ஒரே செல்போன். அதில் அண்ணனுக்கு ஆன்லைன் வகுப்பு; தங்கைக்கு அடுப்படி. தூக்கம் மட்டும் இருவருக்கும் ஒன்றுபோலப் போனது. அண்ணன் மொட்டைமாடியில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தான். "ஆம்பளப் புள்ள, வேலையப் பத்திக் கவலப்படுறான். தானாச் சரியாயிரும்" என்று அம்மா முத்துத்தாய் கூடுதலாக ஒரு முட்டை அவித்தாள். தங்கை பாத்திரம் துலக்கும்போதே அழுதாள். "இது காத்துக் கருப்புதேன்" என்றாள் அதே அம்மா. ஒரே நோய்தான், சுடிதார் போட்டிருந்தால் அதற்குப் பெயர் பேய்.

மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று தாமரைச்செல்வி கெஞ்சினாள்.

"பைத்தியமுன்னு பேரெடுத்தா எவன்டி கட்டுவான்?"

பேய் பிடித்தவள் என்றால் மட்டும் மாப்பிள்ளைகள் காளவாசல் சிக்னல் வரை வரிசை கட்டுவார்கள் போலும்.

உடுக்கடித்துப் பேயோட்டும் பரவை ஊர்க் கோடாங்கி காசிமாயனை வழியில் போலீஸ் மறித்துவிட்டதால், அவர் வீடியோ காலில் வந்தார். பேய்க்குப் பயப்படாதவர், லத்திக்குப் பயந்தார். அம்மா வேப்பிலையைப் பிடிக்க, அண்ணன் போனைப் பிடிக்க, உடுக்கு விட்டுவிட்டு ஒலித்தது.

"ஏய், ஒனக்கு என்ன வேணும்? கேட்டதக் குடுத்தாப் போயிருவியா?"

தாமரைச்செல்வி நிமிர்ந்தாள். என்ன வேண்டும் என்று அந்த வீட்டில் அவளை யாரும் கேட்டதில்லை. இப்போதும் பேயைத்தான் கேட்டார்கள். பரவாயில்லை. தலைமுடியை அவிழ்த்துவிட்டாள்.

"பெரியாஸ்பத்திரியில சீட்டுப் போட்டு மனசு டாக்டரப் பாக்கணும்!"

கோழியும் சாராயமும் கேட்கும் பேய்களோடே பழகிய கோடாங்கி விழித்தார்.

"குடுத்துரும்மா முத்துத்தாயி. இல்லாட்டி எறங்காது."

"கோழி ஏதும் வேணுமான்னு கேளுங்கண்ணே."

"வேணாம்! அண்ணங்காரன் தின்ன தட்ட அவனே கழுவணும்!"

உயிரோடிருப்பவள் பேச்சு ஏறாத வீட்டில், செத்தவள் பேச்சு உடனே ஏறியது. "நாளைக்கே கூட்டிட்டுப் போறேன் ஆத்தா!" என்று அம்மா கும்பிட்டாள்.

அம்மா உள்ளே போனதும் ஜெயபாண்டி சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கண் கலங்கியது.

"எனக்கும் முடியல புள்ள. ஆனா ஆம்பளைக்கு எங்கிட்டுப் பேய் பிடிக்குது?"

"எம் பேயக் கடன் வாங்கிக்கண்ணே."

மறுநாள் அவனும் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

"நீ எங்கடா?"

"பேய்க்குத் துணைக்கும்மா" என்றவன், ஆஸ்பத்திரியில் இரண்டு சீட்டுப் போட்டான்.