தில்லைநாதனின் மோட்டர் கேற்

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் அந்த ஒழுங்கையில் முதன்முதலாக மோட்டர் கேற் பூட்டியது தில்லைநாதன் தலைவராக இருந்த தொடர்மாடிக்குத்தான். தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. மனுசனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. றிமோட்டை அமுக்குவார், இரும்புக் கேற் உருளும். திரும்ப அமுக்குவார், மூடும்.

"சின்னப்பிள்ளையள் தோத்துப்போகும்" என்று மனைவி அன்னபாக்கியம் சிரித்தாள்.

சிரித்தாலும் அவளுக்கு விளங்கும். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் இதே ஒழுங்கையில் அவர்களுடைய வாடகை வீட்டுக் கதவை அலவாங்கால் பெயர்த்தார்கள். பத்து வயது மகள் சிவமணியை இழுத்துக்கொண்டு பின்பக்கத்தால் ஓடியவர் அவர். அந்தச் சத்தம் அவருடைய காதை விட்டுப் போகவேயில்லை. தலைவரானதும் கேற்றுக்குப் பக்கத்தில் ஆட்கள் போய்வரும் சின்னக் கதவைக் கல் வைத்து அடைத்தார். மதிலை உயர்த்திக் கண்ணாடித் துண்டு பதித்தார். கரண்ட் இல்லாத நேரம் திறப்பதற்குக் கேற்றைப் பொருத்தியவர்கள் ஒரு கைச்சாவி தந்திருந்தார்கள். பெறுமதியான சாமானை வீட்டில் வைத்திருந்தால் போய்விடும் என்பது கலவரம் கண்ட குடும்பங்களின் கணக்கு. அதனால் மனைவியின் நகைகள் இருந்த வங்கி லொக்கரிலேயே அந்தச் சாவியையும் கொண்டுபோய் வைத்தார்.

ஒரு போயா நாள் பின்னேரம்; பௌர்ணமி என்பதால் எல்லா இடமும் விடுமுறை. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்த சிவமணிக்குக் காலையில் லேசாக இருந்த வலி திடீரென்று கூடியது. மருமகன் கண்டியில். தில்லைநாதன் கீழே ஓடி றிமோட்டை அமுக்கினார். மின்வெட்டு. கேற் அசையவில்லை.

"கைச்சாவி எங்கயப்பா?" என்றாள் பின்னால் வந்த அன்னபாக்கியம்.

"லொக்கரில."

"ஐயோ, இண்டைக்குப் போயா! பாங்க் பூட்டெல்லே!"

அன்னபாக்கியம் நின்று சண்டை பிடிக்கவில்லை. மாடிக்கு ஓடிப் பல்கனியில் நின்று எதிர்க்கடை மஷூரைப் பார்த்துக் கத்தினாள். "மஷூர் தம்பி! பிள்ளைக்கு வலி! கேற் திறக்குதில்லை!"

மஷூர் கடையை அப்படியே போட்டுவிட்டுச் சந்திக்கு ஓடினான். அங்கே நின்ற ஓட்டோக்காரப் பொடியன்கள் கட்டட வேலை நடந்த வளவொன்றிலிருந்து அலவாங்குகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரும்பில் இரும்பு விழுந்தது. வெளியே ஒரே சிங்களச் சத்தம். தில்லைநாதன் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கேற்றை இரண்டு கையாலும் உள்ளிருந்து இறுக்கிப் பிடித்தார்.

"ஐயா, கைய எடுங்க! கை நசுங்கிடும்!" என்று மஷூர் கத்தினான்.

ஒரு பொடியன் கம்பிக்கிடையால் முகத்தை நீட்டி, "கடண்டத மாத்தயா?" என்றான். உடைக்கவா என்று அனுமதி கேட்கிறான்.

தில்லைநாதன் திரும்பிப் பார்த்தார். சிவமணி படிக்கட்டில் சுவரைப் பிடித்தபடி குனிந்து நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

கையை எடுத்தார். "கடண்ட!" என்று தொண்டை கிழியக் கத்தினார். "கடண்ட! கடண்ட!" ஒவ்வொரு அடிக்கும் அவரும் உள்ளிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளினார். பதின்மூன்று வருடமாக எந்தச் சத்தத்துக்குப் பயந்தாரோ, அதையே இன்னும் பலமாக, இன்னும் கெதியாக என்று கெஞ்சினார்.

கேற் தண்டவாளத்தை விட்டுக் கழன்று சாய்ந்தது. தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோ பறந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்து அன்னபாக்கியத்தின் ரெலிபோன் கோல் வந்தபோது இருட்டவில்லை. பெண் குழந்தை, தாயும் சுகம். தில்லைநாதன் படியிறங்கி ஓடிவந்தார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. பொடியன்கள் கேற்றை நிமிர்த்த இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அது கிடக்கட்டும் தம்பி" என்று மஷூரின் கையைப் பிடித்தார். "எல்லாரையும் கூட்டிக்கொண்டு உள்ளுக்கு வாங்கோ."