மார்லின் ரீகல் வைத்திருந்த பாதி

மார்லின் ரீகலிடம் இருந்தது ஒரே ஒரு லூகர் பிஸ்டல். அதையும் முந்தைய சொந்தக்காரர் யாரோ பளபளவென்று நிக்கல் முலாம் பூசிக் கெடுத்திருந்தார். உள்ளே இருந்த பாகங்கள் நாலு பிஸ்டல்களிலிருந்து வந்தவை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லெபனான் என்ற வட்டாரத்தில், பழைய ஜெர்மன் ராணுவப் பிஸ்டல் சேகரிக்கிறவர்கள் அதற்கு 'குளியலறைக் குழாய்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் மதிப்பெல்லாம் எண்ணுக்குத்தான். முதல் உலகப்போரின்போது எர்ஃபுர்ட் ஆயுதசாலையில் செய்த பிஸ்டலில் திருகாணிவரை எண் அடித்திருப்பார்கள். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் அது பிஸ்டல். ஒன்று மாறினாலும் இரும்பு. தோட்டா நிரப்பிக் கைப்பிடிக்குள் செருகும் மேகசினின் மர அடியிலும் அதே எண் இருக்கும். ஒவ்வொரு பிஸ்டலோடும் இரண்டு மேகசின் கொடுத்தார்கள். இரண்டாவதில் எண்ணோடு ஒரு கூட்டல் குறி. போர் முடிந்து வீடு திரும்பிய கைகளில் மேகசின்கள் மாறிப்போயின. பிஸ்டலும் அதனுடன் பிறந்த மேகசினும் சேர்ந்து கிடைப்பது அரிது.

மார்லினுக்கு எப்போதும் கிடைத்தது மிச்சம்தான். பெரியப்பா போரிலிருந்து ஒரு லூகர் கொண்டுவந்தார். அதைக் கொடுத்து டிராக்டருக்கு டயர் வாங்கினார். பிஸ்டலைக் கழற்றுகிற சின்ன ஸ்குரூடிரைவர் மட்டும் மேசை இழுப்பறையில் தங்கியது. பத்து வயதில் மார்லினுக்கு அது கிடைத்தது. சேகரிப்பு அங்கே தொடங்கியது. பிறகு உறைகள், வார்கள், குழல் துடைக்கும் கம்பிகள். பிரெட்சல் பிஸ்கட் தொழிற்சாலையில் அடுப்புப் பட்டையைப் பழுதுபார்க்கிற வேலை. அந்தச் சம்பளத்தில் அதற்குமேல் கை நீளவில்லை.

நெவின் லாவர் வேறு மாதிரி. பால் கறக்கும் இயந்திரங்கள் விற்றார். பிஸ்டல் கண்காட்சி நாட்களில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஜன்னலோர மேசை அவருடையது. அவர் கொண்டுவரும் பிஸ்டல்களில் விற்பனைக்கு இல்லாதது ஒன்று உண்டு. 1917-இல் எர்ஃபுர்ட்டில் செய்தது, எண் 6291, பக்கத்தில் 'சி' என்ற எழுத்து. அவருடைய தாத்தா பிரான்சில் ஒரு கைதியிடமிருந்து எடுத்தது. உறையையும் அதற்குள் இருந்த மேகசினையும் கூட நின்ற ஊர்க்காரன் எடுத்துக்கொண்டான் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாத்தா போய்ச்சேர்ந்தார். மற்றதெல்லாம் பொருந்திய அந்தப் பிஸ்டலில் மேகசின் மட்டும் அந்நியம்.

நெவின் ஒவ்வொரு மேசையிலும் கேட்பார்: "6291 சி பாத்திருக்கியா?" சர்ச்சில் சங்கீதம் கேட்டதைவிட அதிகம் அந்த எண்ணைக் கேட்டவர்கள் அந்தக் கூடத்தில் இருந்தார்கள்.

அதைப் பார்த்தவர் மார்லின். மையர்ஸ்டவுன் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். குதிரை வார்கள் கிடந்த பெட்டி ஒன்றை எடுத்தார். அடியில் வெடித்துப்போன தோல் உறை. உறையின் பக்கவாட்டுப் பைக்குள் மேகசின். திருப்பினார். 6291, 'சி', கூட்டல் குறி.

அடுத்த கண்காட்சியில் காலைச் சாப்பாட்டுத் தட்டு, ஸ்கிராப்பிள் என்ற பன்றியிறைச்சித் துண்டுகளோடு நெவின் மேசையில் இருந்தது. அதன் பக்கத்தில் மார்லின் மேகசினைக் கவிழ்த்து வைத்தார்.

நெவின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

"எங்கடா பிடிச்ச?"

"குதிரை வார்ப் பெட்டியில."

"என்ன வேணும், சொல்லு."

"பிஸ்டலக் குடு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்து மேசைக்காரர் எல்வுட் வாயில் காபியோடு சொன்னார்: "சேணத்த வச்சுக்கிட்டு குதிரையக் கேக்குறான் பாரு. உன் குளியலறைக் குழாய்ல மாட்டிக்கயேன் மார்லின், தண்ணியாவது நல்லா வரும்."

நெவினும் சிரித்துவிட்டார்.

மார்லின் விளையாட்டாகத்தான் கேட்டார். அன்று நெவின் தனியாக அழைத்து இரண்டு வார்த்தை பேசியிருந்தால் சும்மாவே கொடுத்திருப்பார். ஆனால் சிரித்தார்கள். மார்லின் மேகசினை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யானை ஒருத்தன் வீட்டில், அங்குசம் இன்னொருத்தன் பையில் என்று ஆயிற்று.

அன்றிலிருந்து மார்லின் மேசைக்கும் ஆள் வந்தது. மேரிலாந்திலிருந்து வந்தவர்கள்கூட, "நீங்கதானா அந்த மேகசின்காரர்? காட்டுங்க" என்று கேட்டார்கள். மனைவி ஆர்லீன் கம்பளித் துணியில் ஒரு சின்ன உறை தைத்துக் கொடுத்தாள். அதை இடது பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்கும் போனார், சர்ச்சுக்கும் போனார். அவர் இறந்தபின் மகள் ஜனெல் அலமாரியைக் காலி செய்தபோது பார்த்தாள்: ஒரு சட்டை பாக்கியில்லாமல் இடது பை தொங்கிப்போயிருந்தது.

நெவின் விடவில்லை. ஒருநாள் வீட்டுக்கே வந்து, 1938-இல் செய்த, எண்ணெல்லாம் பொருந்திய வேறொரு பிஸ்டலை மாற்றாகத் தருவதாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் மார்லின். நெவினின் வண்டி திரும்பியதும் ஆர்லீன் கேட்டாள்:

"வாங்கிக்கோயேன். காலம் பூரா நல்ல பிஸ்டல் ஒண்ணு வேணும்னுதானே இருந்த?"

"நல்ல பிஸ்டல்தான்."

"அப்புறம் என்ன?"

"இதக் குடுத்துட்டா என்கிட்ட என்ன இருக்கும்?"

"பிஸ்டல் இருக்கும்."

அந்த மாதிரிப் பிஸ்டல் கூடத்தில் முக்கால்வாசிப் பேரிடம் இருந்தது. ஒன்று வந்தால் அவர் அந்த முக்கால்வாசியில் ஒருவர். அவ்வளவுதான்.

ஜனெல் விமான உதிரிப்பாகங்களை அளந்து சரிபார்க்கிற வேலையில் இருந்தாள். வார்த்தையைச் சுருக்கிப் பேசுகிறவள். "அப்பா, ஒரே வேலைக்குச் செஞ்ச ரெண்டு பாகம். தனித்தனியா வச்சா ரெண்டுமே ஸ்கிராப்" என்றாள். அந்தப் புத்தாண்டுக்குப் பன்றியிறைச்சியும் புளித்த முட்டைக்கோஸும் சாப்பிட அவள் வந்தபோது மார்லின் தட்டைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

இருபது வருடம் ஓடியது. நெவினின் தலை முழுக்க நரைத்தது. விற்பனைத் தொழிலுக்கு வருமுன் பண்ணையில் பூசணம் பிடித்த வைக்கோலில் உழைத்த காலம் அவர் நுரையீரலில் தங்கியிருந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சாய்வு நாற்காலியில் முடங்கினார். அவர் மனைவி வெர்னா மார்லினுக்குத் தொலைபேசியில் பேசினாள். அவள் ஆயுதம் தொடாத மென்னனைட் சபைக் கிறிஸ்தவ வீட்டுப் பெண். பிஸ்டல்கள் வீட்டுக் கூரைக்குக்கீழ் வரக்கூடாது என்று கல்யாணத்தின்போதே சொல்லிவிட்டவள். அவை எல்லாம் கொட்டகையில்தான் இருந்தன.

"மார்லின், ஒரு உதவி. அத ஒரு தடவை எடுத்துட்டு வாங்க. அவர் தன் கையால மாட்டிப் பாக்கணுமாம். மாட்டற சத்தம் கேக்கணுமாம். அப்புறம் நீங்களே கொண்டு போயிடுங்க. நான் பொறுப்பு."

"வரேன் வெர்னா."

போனார். அந்த வீட்டுக் கூடத்தில் முதல்முறையாகப் பிஸ்டல் இருந்தது. நெவினின் மடியில் ஒரு துண்டு, துண்டின்மேல் 6291. அந்நிய மேகசினை முன்பே உருவி வைத்திருந்தார். கைப்பிடியின் அடியில் கருப்பாக ஒரு துவாரம்.

"வந்துட்டியா" என்றார் நெவின். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "எடு."

மார்லினின் கை பைக்குப் போனது. கம்பளி உறையைத் தொட்டது. மாட்டிவிட்டால் யார் கழற்றுவது? இந்த நிலையில் இருக்கிற மனிதன் மடியிலிருந்து எப்படி உருவி எடுப்பது? இன்று இரவே ஏதாவது ஆகிவிட்டால் நெவினின் பிள்ளைகள் பிஸ்டலையும் மேகசினையும் சேர்த்தே பூட்டிவிடுவார்கள். அப்புறம் கண்காட்சிக் கூடத்தில் அவர் யார்?

"அடடா" என்றார் மார்லின். "வேற சட்டையில இருந்துடுச்சு நெவின். மறந்துட்டு வந்துட்டேன்."

நெவின் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு இடது பையைப் பார்த்தார். அது தொங்கிக்கொண்டிருந்தது.

"சரி" என்றார் நெவின். "அடுத்த வாட்டி."

வெர்னா சமையலறை வாசலில் காபிக் கோப்பையோடு நின்றாள். மேசையில் வைத்தாள்.

அடுத்த வாட்டி என்று ஒன்று வரவில்லை. அந்த வாரமே நெவின் போய்விட்டார்.

அடக்கத்துக்குப் பிறகு சர்ச் நிலவறையில் சாப்பாடு. ஹாம், உருளைக்கிழங்கு, சாவு வீட்டுக்கென்றே உலர்திராட்சை வைத்துச் சுடுகிற இனிப்புப் பலகாரம். எல்வுட் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப கெடைச்சிடும்டா உனக்கு. வெர்னாவுக்குப் பிஸ்டல்னாலே ஆகாது. தொல்ல விட்டதுன்னு குடுத்துடுவா."

"சாப்பிடு எல்வுட்."

"நான் சாப்பிடறேன். நீ அவசரப்படாத. ஈஸ்டர் போகட்டும்."

மார்லின் ஈஸ்டர் போகும்வரை காத்திருந்தார். நெவினின் மற்றப் பிஸ்டல்களைப் பிள்ளைகள் ஒரு வியாபாரிக்கு விற்றுவிட்டார்கள் என்றும், ஒன்றை மட்டும் வெர்னா கொடுக்காமல் வைத்திருக்கிறாள் என்றும் கேள்விப்பட்டார். நமக்காகத்தான் என்று நினைத்தார். தொலைபேசியில் பேசினார்.

"சனிக்கிழமை எங்க சர்ச்சுக்கு வாங்க மார்லின்" என்றாள் வெர்னா. "பின்பக்கம், வண்டி நிறுத்தற இடத்துக்கு. மேகசினையும் எடுத்துட்டு வாங்க."

ஆர்லீனிடம் சொல்லி வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வாங்கினார். ஜனெல் வண்டி ஓட்டினாள். வழியெல்லாம் மார்லின், உள்ளே பச்சைத் துணி வைத்து ஒரு கண்ணாடிப் பெட்டி செய்வதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். ஜனெல் அவரை அப்படிப் பேசிப் பார்த்ததில்லை.

சர்ச்சின் பின்புறத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். வேண்டாத துப்பாக்கிகளைக் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று ஒரு பலகை. இரண்டு வாலிபர்கள் வெட்டும் ரம்பத்தில் அவற்றை அங்கேயே அறுத்துப்போட்டார்கள். இன்னொருவர் உலையில் ஒரு குழலைக் காய்ச்சித் தோட்டத்துக் களைக்கொத்தாக அடித்துக்கொண்டிருந்தார். மார்லினுக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஜனெலுக்கு உறைத்தது. "அப்பா, திரும்பிடலாம்" என்றாள். அவர் இறங்கி நடந்தார்.

வெர்னா வரிசையின் ஓரமாக நின்றாள். கையில் அதே துண்டு.

"கொண்டுவந்தீங்களா?"

"இதோ."

"இன்னைக்கு மறக்கலையா."

மார்லின் தரையைப் பார்த்தார். வெர்னா துண்டை விலக்கிப் பிஸ்டலை நீட்டினாள்.

"மாட்டுங்க. அவர் கேக்க ஆசப்பட்ட சத்தம் என்னன்னு நானும் கேட்டுக்கறேன்."

மார்லின் கம்பளி உறையிலிருந்து எடுத்து மேகசினை உள்ளே தள்ளினார். எங்கும் உரசவில்லை. நல்ல கதவின் தாழ் விழுகிற சத்தம். மர அடி கைப்பிடியோடு ஒட்டி நின்றது, நகம்கூட நுழையாது.

"இவ்வளவுதானா?" என்றாள் வெர்னா.

பிஸ்டலை வாங்கினாள். பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்தினாள். மேகசின் அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதை மார்லின் கையில் வைத்தாள்.

"இது உங்களுது. அடுத்தவங்க பொருள் எனக்கு வேண்டாம்."

ரம்பக்காரரிடம் திரும்பினாள். மார்லின் அவள் முன்னால் போய் நின்றார்.

"வெர்னா, வேண்டாம். இந்தாங்க, இதையும் நீங்களே வச்சுக்கங்க. ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் வேண்டாம். அறுக்காதீங்க."

"அன்னைக்கு நீங்க போனதும் அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'பாவம் மார்லின், அந்தப் பை எவ்வளவு கனமா இருக்கும்'னார். அதுக்கப்புறம் பேச மூச்சு இல்ல." அவள் குரல் உயரவில்லை. "தள்ளிக்கங்க."

கண்ணாடி மாட்டிய வாலிபன், "சார், பொறி தெறிக்கும்" என்று அவரை மரியாதையாக விலக்கினான். முதலில் குழல். அடுத்து கைப்பிடி குறுக்காக. எண் அடித்திருந்த துண்டு தார்த்தரையில் உருண்டது. மார்லின் குனிந்தார். "சூடு சார், தொடாதீங்க" என்றான் அவன். மார்லின் தொட்டார், கையை உதறிக்கொண்டார். வாலிபன் துண்டுகளைக் கூட்டி வாளியில் தள்ளினான்.

திரும்பும் வழியில் வண்டி ஒரு மருந்துக்கடையில் நின்றது. ஜனெல் அவர் விரல் கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிட்டாள்.

அந்த வருடம் இலையுதிர்காலக் கண்காட்சிக்கும் மார்லின் போனார். அதே மேசை. குளியலறைக் குழாய், வார்கள், கம்பிகள், நடுவில் மேகசின். ஒஹாயோவிலிருந்து வந்த ஒருவர், கூட்டத்துக்குப் புதியவர், அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அருமையா இருக்கு. இதோட பிஸ்டல் யார்கிட்ட இருக்கு?"

பக்கத்து மேசையில் எல்வுட் தன் காபிக் கோப்பைக்குள் பார்த்தார். ஜன்னலோர மேசையில் வேறு யாரோ இருந்தார்கள்.

"தேடிட்டிருக்கேன்" என்றார் மார்லின்.

"எங்க பக்கம் நாலஞ்சு பேர் எர்ஃபுர்ட் வச்சிருக்காங்க. கேட்டுப் பாக்கறேன். எண் என்ன?"

மார்லின் சொன்னார். வந்தவரை ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"அந்தச் 'சி'யை விட்டுடாதீங்க" என்றார். "அது இல்லன்னா வேற பிஸ்டல்."