கரைக்கும் பாட்டை முதலில் வைத்தவன்

முளைப்பாரிப் பாட்டுகளை வைத்து வயலின்களுக்கு ஒரு புது இசைக்கோவை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது என் மதினி வாய்விட்டுச் சிரித்தார். "எங்க பாட்டுக்கு எதுக்குக் கொழுந்தனாரே வயலினு? கையைத் தட்டுனாப் பத்தாதா?" ஊரில் கும்மிக்கு முதல் குரல் அவருடையதுதான். அண்ணன் வீட்டில் மிளகாய் வத்தலைத் தரம் பிரித்துக்கொண்டே அவர் பாட, நான் போனில் பதிவு செய்தேன்.

இரண்டு வருடம் எழுதினேன். ராமநாதபுரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவனுக்கு அது கொஞ்சம் பெரிய ஆசை. மதுரையிலிருந்து நான்கு பேர்: இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. ஊரிலிருந்து மதினியும் இன்னும் ஏழு பெண்களும். எழுதியதைத் தாளில் பார்க்கப் பார்க்க எனக்கே என் மேல் மரியாதை வந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரே பயம். இவர்கள் கேட்டுவிட்டு, இது எங்கள் பாட்டே இல்லை என்று சொல்லிவிட்டால்?

கச்சேரி ராமநாதபுரத்தில் ஒரு அரங்கில், மதியம் மூன்று மணிக்கு. அன்று காலையில்தான் எல்லோரும் முதன்முறையாகச் சேர்ந்து ஒத்திகை பார்த்தோம். செல்லோ தனியாகத் தொடங்கியது. நான் கையைக் காட்டினேன். மதினி வாயைத் திறக்கவில்லை.

"இது கடைசி நாளு ஊருணியில முளையைக் கரைக்கையில பாடுறது. இதையா மொதல்ல வச்சிருக்கீக?"

வைத்திருந்தேன். இருப்பதிலேயே அழகான மெட்டு அதுதான். அதில் தொடங்கித் துள்ளலான கும்மியில் முடித்தால் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும் என்பது என் நினைப்பு.

"இது சாமி கும்பிடுற எடம் இல்ல மதினி, மேடை" என்று குரலை உயர்த்தினேன்.

"மேடையின்னா? வெதையே போடாமக் கரைக்கச் சொல்றீக. இந்த வருசமும் மழை ஏமாத்துனா ஊரு என்னையத்தான கேக்கும்?" அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மற்ற ஏழு பேரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

கோபம் தலைக்கேறியது. வெளியே போய் டீ வாங்கினேன். பாதி டீயில்தான் எனக்கு உறைத்தது. இத்தனை பாட்டைப் பதிவு செய்தவன், எதை எப்போது பாடுவார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்த ஊரிலேயே பிறந்தவன் வேறு. வெட்கமாகப் போய்விட்டது.

உள்ளே வந்து கரைக்கும் பாட்டைக் கடைசிக்குத் தள்ளினேன். இப்போது வேறு சிக்கல். கும்மி முடியும் சுருதிக்கும் அது தொடங்கும் சுருதிக்கும் ஒட்டவே இல்லை. வியோலா வாசிப்பவர், "நடுவுல ஒரு எட்டு வரி எழுதிக் குடுங்க சார், வாசிச்சிரலாம்" என்றார். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல், தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். நல்லதா கெட்டதா என்று யோசிக்க நேரமில்லை.

மூன்று மணிக்கு எட்டுப் பேரும் எழுந்து மேடைக்கு வந்தார்கள். போன உயிரில் பாதி திரும்பியது. கும்மியில் தொடங்கி, என் எட்டு வரியைக் கடந்து, கரைக்கும் பாட்டு மெல்ல அடங்கியது. பிறகு கை தட்டினார்கள். பிய்த்துக்கொண்டெல்லாம் போகவில்லை, ஆனாலும் மனதாரத் தட்டினார்கள்.

ஊருக்குத் திரும்பும் வேனில் பெண்கள் முறுக்குப் பாக்கெட்டைப் பிரித்தார்கள். நான் முன் சீட்டில் உட்கார்ந்து, மதினி என்ன சொல்வாரோ என்று காதைப் பின்னால் வைத்திருந்தேன். சத்திரக்குடி தாண்டியதும் ஒருவர் கும்மியை எடுத்தார், எல்லோரும் தட்டிப் பாடினார்கள். பாட்டு முடிந்த இடத்தில் மதினி "தன்னன்னானே" என்று வேறொன்றை இழுக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அது என் எட்டு வரி. ஒரே ஒரு சுரத்தை மாற்றியிருந்தார்கள். அவர்கள் மாற்றியதுதான் நன்றாக இருந்தது.

"கொழுந்தனாரே, இது மட்டும் எந்த ஊரு மொளப்பாரில எடுத்தீக? எங்க ஆத்தா ஊருப் பக்கம் கேட்ட மாதிரியே இருக்கு."

நான் எழுதியது என்று நாக்கு நுனிவரை வந்தது. "பக்கத்து ஊருதான் மதினி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.