வெளியே போகும் நாற்காலி

"இது புருஷனோடது" என்று சொல்லிக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வகுப்பை விட்டு வெளியேறுகிறார் வாத்தியார். தாழ்வாரத்தின் கோடியில், படிக்கட்டு திரும்பும் இடத்தில் அதைப் போட்டுவிட்டு வந்தால்தான் அவருக்குப் பாடம் ஓடும். போலீஸ்காரர்களும் அரசு வக்கீல்களுமாக முப்பது பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். வாத்தியார் ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர். பயிற்சி மையத்தில் அவருக்கு 'நாற்காலி சார்' என்று பெயர். தெரியும், கோபமில்லை.

புருஷனிடம் அடிபட்ட மனைவியை எப்படி விசாரிப்பது என்பது பாடம்.

"கேள்வி அவகிட்ட, பதில் அவன்கிட்டேருந்து வருதா? ஒடனே எந்திரிச்சு அவன் நாற்காலிய வெளிய போட்ருங்க. அவன் கண்ணு இருக்கற எடத்துல அவ வாய் தெறக்காது."

ஓர் இளம் வக்கீலம்மா கேட்டார்: "கோர்ட்டுக்கு வந்ததும் அந்தப் பொண்ணுங்களே எல்லாம் பொய்னு சொல்லிடறாங்களே சார்?"

"அன்னிக்கு அந்தப் பொண்ணு யாரோட வண்டில வந்து எறங்குச்சுன்னு பாத்தீங்களாம்மா?"

வக்கீலம்மா பேனாவை மூடிவிட்டார்.

தன் குட்டையும் தானே உடைப்பார். சர்வீசில் இருந்தபோது ஒரு பெண்ணைப் புருஷனுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்து விசாரித்தாராம். அவன் பேசினான், அவள் தலையாட்டினாள், இவர் 'சமாதானம்' என்று எழுதி அனுப்பினார். ஒன்பதாம் நாள் அதே வீட்டுக்குப் போனது பிணத்தைப் பார்க்க. இதைச் சொல்லும்போது மட்டும் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்.

டீயைப் பச்சைத் தண்ணீராக ஆறவிட்டு ஒரே மடக்கில் குடிப்பார். அந்த நேரத்தில் மாப்பிள்ளை புராணம் கட்டாயம் உண்டு. "தங்கமான பையன். எம் பொண்ணு வாயத் தெறக்கறதுக்குள்ள எல்லாத்தையும் அவரே சொல்லிருவாரு, செஞ்சிருவாரு." கேட்டுக் கேட்டு மையத்தில் எல்லாருக்கும் காது புளித்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மகள் தண்ணீர் டம்ளரை இடது கையால் எடுத்தாள்.

"வலது கைக்கு என்னம்மா?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டா, மாமா" என்றார் மாப்பிள்ளை.

"எப்பம்மா?"

"செவ்வாக்கிழம, மாமா."

போன முறை உதட்டில் தையல். அலமாரிக் கதவு இடித்துவிட்டதென்று சொன்னதும் இதே குரல்தான். கல்யாணமாகி நான்கு வருஷம். அதில் மகள் தன் வாயால் சொன்ன பதில் ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார் வாத்தியார். ஒன்றுகூட வரவில்லை. ஊரில் உள்ள போலீசையெல்லாம் எழுந்து நிற்கச் சொன்ன மனிதர், சொந்த வீட்டில் நான்கு வருஷமாக உட்கார்ந்தே இருந்திருக்கிறார். என்ன மனுஷன் நான் என்று கூசிப்போனார். மகளைப் பார்த்தார். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. புருஷன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தார். மாமனார் எழுந்துவிட்டாரே என்று மாப்பிள்ளையும் மரியாதையாக எழுந்தார்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் வெளிய இருங்க."

"ஏன் மாமா, என்ன விஷயம்?"

மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கினார். அதன் கால் நிலைப்படியில் இடித்தது. நிற்காமல் வாசலைத் தாண்டிப் போய், வெளிக் கேட்டுக்கு அந்தப் பக்கம், வீட்டுக்கு முதுகு காட்டி அதைப் போட்டார்.