மார்லிஸ் பூசணிக்காய் ஓட்டிய அக்டோபர்

மார்லிஸ் ப்ரெக்கி முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். விஸ்கான்சினில், மிசிசிப்பி ஆற்றுக்குக் கொஞ்சம் கிழக்கே, மேடும் பள்ளமுமான பால்பண்ணைச் சாலைகளில், ஒன்பதாம் நம்பர் பஸ். காலை ஆறு நாற்பத்திரண்டுக்கு முதல் பிள்ளை ஏறும், ஏழு முப்பத்தெட்டுக்குக் கடைசிப் பிள்ளை இறங்கும். பனி கொட்டினாலும் சரி, குறுக்கே மான் பாய்ந்தாலும் சரி. எந்த நிறுத்தத்திலும் ஒரு நிமிஷத்துக்கு மேல் அவள் நின்றதில்லை என்று பேர். அறுபத்தோராவது விநாடியில் கதவு மூடிக்கொள்ளும்.

அறுபத்து மூன்று வயதில், ஒரு ஜூன் மாதம் கேக் வெட்டி வழியனுப்பினார்கள். அதற்குப் பிறகும் காலை நாலு மணிக்கே முழிப்பு வந்துவிடும். குளித்து, காப்பி குடித்து, சமையலறையில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருப்பாள். கணவன் ஆர்லன் அதற்கு நேர் எதிர். மாட்டுத்தீவன ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்தவன், தூண்டிலில் முள் கட்டவே அரை நாள் எடுத்துக்கொள்கிற ஆள். கல்யாணமான நாளிலிருந்து அவள் காரில் ஏறி உட்கார்ந்திருக்க, அவன் உள்ளே தொப்பியைத் தேடிக்கொண்டிருப்பான்.

ஆகஸ்டில் பள்ளிக்கூடம் பழைய சின்ன பஸ் ஒன்றை ஏலம் விட்டது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆர்லன் அதை எடுத்துவிட்டான். பள்ளிக்கூட பஸ்ஸைச் சொந்த வண்டியாக்கினால் அது மஞ்சளாக இருக்கக் கூடாது என்பது சட்டம். மார்லிஸ் அதற்குத் தக்காளிச் சிவப்பு அடித்தாள். இருக்கைகளைக் கழற்றிப் பலகைக் கட்டில் போட்டார்கள். ஒரு கேஸ் அடுப்பு, ஒரு இரும்புச் சட்டி, இரண்டு மடக்கு நாற்காலி. அக்டோபர் முதல் வாரம், மேப்பிள் இலைகள் சிவந்து நின்ற ஒரு காலையில் புறப்பட்டார்கள். ஆற்றோரமாகவே தெற்கே அயோவாவில் இருக்கும் டுபியூக் வரை போய்த் திரும்ப நாலு நாள் என்று கணக்குப் போட்டு, எந்த ஊரில் எத்தனை நிமிஷம் என்று காகிதத்தில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தாள் மார்லிஸ். பெப்பினுக்கு நாற்பது. ஆல்மாவுக்கு இருபத்தைந்து.

கட்டம் ஆல்மாவிலேயே உடைந்தது. அங்கே ஆற்றை மறித்து, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகுகளைக் கடத்திவிடும் மதகுப் பூட்டு இருக்கிறது. தட்டை என்கிற பதினைந்து சரக்குப் படகுகளை ஒன்றாகக் கட்டி முன்னால் தள்ளிக்கொண்டு ஒரு விசைப் படகு வந்து நின்றது. அத்தனையும் ஒரே தடவையில் உள்ளே போகாது. பாதியைக் கழற்றி அனுப்பி, மீதியைப் பிறகு அனுப்பி, மறுபடி சேர்த்துக் கட்ட வேண்டும். ஆர்லன் பார்வை மேடையில் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்துவிட்டான். மார்லிஸ் பின்னால் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"டுபியூக் எங்கயும் ஓடிப் போயிடாது, உக்காரு" என்றான்.

"இருபத்தஞ்சு நிமிஷம்தான் எழுதியிருக்கேன்."

"எதுல எழுதியிருக்கே?"

அவள் காகிதத்தைத் தேடினாள். அவன் மடியில் இருந்தது. பொரித்த பாலாடைக் கட்டித் துண்டுகளை அதன்மேல்தான் கொட்டி வைத்துத் தின்றுகொண்டிருந்தான். எண்ணெய் ஊறி, பெப்பினும் ஆல்மாவும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டிருந்தன. திட்டத்தான் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துத் தட்டையில் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து அவளுக்குக் கையசைத்தான். அவளும் அனிச்சையாகக் கையசைத்தாள். பிறகு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்க இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் ஒரு துண்டு பாக்கியில்லாமல் இரண்டு பேரும் தின்று தீர்த்திருந்தார்கள்.

அதன்பிறகு மார்லிஸுக்கு என்ன பிடித்துக்கொண்டதோ. கண்ட இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தினாள். ஒரு கடையில் ஆப்பிள் வாங்கினாள், அது புளித்தது என்று அடுத்த கடையில் இன்னொரு பை வாங்கினாள். ஆற்றோரத் தண்டவாளத்தில் ரயில் வந்தால் ஹாரனை அழுத்துவாள். ரயில் ஓட்டுநர் பதிலுக்கு ஊதினால் குழந்தை மாதிரி ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரிப்பாள். மூன்று நாளில் அவர்கள் கடந்தது நாற்பது மைல். நடந்தே வந்திருக்கலாம் என்று ஆர்லனே சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

நாலாம் நாள் மெரிக்ஸ் லாண்டிங் என்ற சின்ன ஊரில் அறுவடைத் திருவிழா. ஆற்றின் கிளை ஒன்று அசையாமல் கிடந்த இடத்தில் பூசணிப் படகுப் போட்டி. ஆள் உட்காரும் அளவுக்குப் பெருத்த பூசணிக்காய்கள், உள்ளே குடைந்து, துடுப்போடு வரிசையாக மிதந்தன. ஒலிபெருக்கி வைத்திருந்தவர் நாற்பது வயதைத் தாண்டிய தாடிக்காரர். கூட்டத்தில் மார்லிஸைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்.

"ஒன்பதாம் நம்பர் பஸ்" என்றார் ஒலிபெருக்கியிலேயே. "மிஸஸ் ப்ரெக்கி, என்னைத் தெரியுதா? ட்ராய் கிளிமெக். ஒத்தைக் கால்ல பூட்ஸோட உங்க பஸ் பின்னாடி ஓடினவன்."

மார்லிஸுக்கு முகம் வெளுத்தது. தெரியாமல் என்ன? ஜனவரிக் குளிரில், பின்பக்கக் கண்ணாடியில், ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் வெறும் காலுறையுமாக ஓடிவந்த பையன். அவள் நிறுத்தவில்லை. அந்தக் கண்ணாடியை அதன்பிறகு எத்தனையோ காலை அவள் பார்த்திருக்கிறாள், சும்மா.

"நாப்பது செகண்ட் லேட்டுடா நீ" என்றாள். கூட்டம் சிரித்தது.

ஓட்ட வேண்டியவருக்குக் காய்ச்சல், ஒரு பூசணி ஆளில்லாமல் சும்மா நிற்கிறது, முப்பத்து மூன்று வருஷம் பஸ் ஓட்டியவர் இதை ஓட்ட மாட்டாரா என்று ட்ராய் கேட்டார். மார்லிஸ் மறுப்பதற்குள் ஆர்லன் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டான். வாழ்நாளில் அவன் இத்தனை சுறுசுறுப்பாக எதையும் செய்ததில்லை.

மிதவைச் சட்டையை மாட்டி உள்ளே இறக்கினார்கள். உள்ளே ஈரமாக, சில்லென்று, விதை வாசனை. விசில் ஊதியதும் எல்லாரும் கிளம்பினார்கள். மார்லிஸ் வலப்பக்கம் துழாவினாள். பூசணி ஒரு முழுச் சுற்று சுற்றியது. இடப்பக்கம் துழாவினாள். எதிர்ச் சுற்று. மாட்டு வேஷம் போட்ட பல் டாக்டர் அவளைத் தாண்டிப் போனார். ரொட்டிக்கடைக்காரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தாண்டிப் போனாள். மார்லிஸுக்கு முதலில் மூக்கு வழியாகத்தான் சிரிப்பு வந்தது. பிறகு வயிற்றிலிருந்து வந்தது. துடுப்பைத் தூக்க முடியவில்லை. சுற்றும்போது கரை வரும், ஆர்லன் வருவான், மரங்கள் வரும், மறுபடி ஆர்லன். கரையில் "ஒன்பது, ஒன்பது" என்று கத்தினார்கள். மற்றவர்கள் கரையேறித் துவட்டிக்கொண்டு சூடாக ஆப்பிள் சாறு குடித்து முடித்தபோது, அவள் முதுகைக் காட்டியபடி எல்லைக் கயிற்றை முட்டினாள்.

ட்ராய் மட்டும் முழங்கால் தண்ணீரில் கொடியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"பதினாலு நிமிஷம், மிஸஸ் ப்ரெக்கி. நான் போயிடல பாருங்க."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நான் நின்னிருக்கணும் ட்ராய். அன்னைக்கு நான் பண்ணினது தப்பு."

"நீங்க வேற" என்றார் அவர். "பஸ் போயிடுச்சுன்னு சொன்னதும், சரி வாடான்னு எங்கப்பா ஐஸ்ல மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போயிட்டார். பள்ளிக்கூட நாள்ல, நாங்க ரெண்டு பேர் மட்டும். அதுக்கப்புறம் அந்த மாசம் முழுக்க வேணும்னே லேட்டா வந்தேன். நீங்க என்னடான்னா ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம் நின்னு ஏத்திட்டுப் போயிட்டீங்க."

மார்லிஸ் அவரையே பார்த்தாள். உண்மைதான். யாருக்கும் சொல்லாமல் அந்த ஒரு நிறுத்தத்தில் மட்டும் ஒரு மாதம் காத்திருந்தாள். அதையும் இவன் கெடுதலாக்கிவிட்டானே என்று நினைத்தபோது சிரிப்பு மறுபடி பீறிட்டது. அந்தக் குலுக்கலில் பூசணி சாய்ந்தது. ட்ராய் பிடிக்க வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து தண்ணீரில் உட்கார்ந்தார்கள்.

கடைசியாக வந்ததற்குப் பரிசாக, பீக்கன் பருப்பு வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் ஒன்றை முழுசாகக் கொடுத்தார்கள். நாலு நாள் பயணம் பத்தொன்பது நாள் ஆனது. டுபியூக்குக்கு அவர்கள் போகவே இல்லை. அதற்கு வெகுதூரம் முன்னாலேயே முதல் பனி விழுந்துவிட்டது.

இடையில் ஒரு நாள் மகள் போன் பண்ணினாள். மணி ஒன்பதரை. மார்லிஸ் அப்போதுதான் முழித்திருந்தாள்.

"எங்கம்மா இருக்கீங்க?"

மார்லிஸ் திரையை விலக்கி வெளியே பார்த்தாள். மூடுபனிக்கு நடுவே ஆர்லன் பன்றிக்கறி வறுத்துக்கொண்டிருந்தான்.

"இரு, அப்பாகிட்ட கேக்கறேன்" என்றாள். அவனுக்கும் தெரியவில்லை.

"ஊர் பேரு தெரியலடி. ஆறு இருக்கு."