புகைக்கு என்ன விலை

பாலக்கரையில் சகாயநாதன் வாத்தியாரைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய கொள்கையைத் தெரியாதவர்கள் கிடையாது. கத்தரிக்காய் வாங்கப் போனாலும் கொள்கையோடுதான் போவார். சர்க்கார் தன் கையை மடக்கிக்கொண்டு சும்மா இருந்தால் உலகம் தானே சரியாகிவிடும். வாங்குகிறவனும் விற்கிறவனும் உட்கார்ந்து பேசினால் தீராத விவகாரமே இல்லை. இனாமாகக் கிடைப்பதை எவனும் மதிக்க மாட்டான். கொள்கை இவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்லி முடிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

படித்தது பி.ஏ. பொருளாதாரம்; உயர்நிலைப் பள்ளியில் எடுத்தது சரித்திரம். அந்தச் சம்பளம் சர்க்கார் மானியத்திலிருந்து வருகிறது என்பதை யாராவது நினைவுபடுத்தினால் மனிதருக்கு உடனே இருமல் வந்துவிடும். பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு என்று அறிவிப்பு வந்தபோது தெருவே சந்தோஷப்பட்டது, இவர் மட்டும் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது, ஒவ்வொரு தகப்பன் கையிலும் படிப்புச் செலவுக்கு ஒரு டிக்கெட்டைக் கொடுத்துவிட வேண்டும், எந்த ஸ்கூல் நன்றாக நடக்கிறதோ அங்கே அவன் பிள்ளையைச் சேர்க்கட்டும் என்று தலைமையாசிரியரிடம் வாதாடினார். “டிக்கெட்ட வாங்கிட்டு அவன் சினிமாவுக்குப் போயிட்டா?” என்று கேட்டார் தலைமையாசிரியர். அதற்குப் பதிலாக இவர் ஆங்கிலப் பத்திரிகைக்கு நாலு பக்கம் எழுதிப் போட்டார். பத்திரிகைக்காரர்கள் நாலு வரி போட்டார்கள்.

வைத்தியத்திலும் அப்படித்தான். தர்ம ஆஸ்பத்திரியில் கால் வைக்க மாட்டார். கண்டோன்மெண்டில் இரண்டு ரூபாய் வாங்கும் டாக்டரிடம்தான் மனைவி லூர்துராணியை அழைத்துப் போவார். அந்த டாக்டர் காலையில் தர்ம ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து அதே மருந்தை இனாமாக எழுதிக் கொடுப்பவர் என்பது லூர்துராணிக்குத் தெரியும். கணவர் மனம் புண்படுமே என்று அவள் சொல்லவில்லை.

லூர்துராணிக்கு இரைப்பு. மகளைக் கட்டிக்கொடுத்த மறு வருஷம், 1961இல், வீட்டுக்குப் பின்னால் பெரியண்ணனின் ரைஸ் மில் வந்ததிலிருந்து பிடித்தது. நெல் அவிக்க உமியைப் போட்டு எரிப்பார்கள். புகைபோக்கி ஒரு மாடி உயரம்கூட இல்லை. கொல்லையில் காயப்போட்ட வெள்ளை வேட்டியை எடுத்தால் கரும்புள்ளி விழுந்திருக்கும். வேட்டியைத் துவைத்துவிடலாம், நெஞ்சை என்ன செய்வது? விடியற்காலையில் அவள் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குப் போராடும்போது சகாயநாதன் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் அவருக்குக் கொள்கை எதுவும் வாயில் வராது. பயம்தான் இருக்கும்.

ஐப்பசி பிறக்கும்போது டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். “மருந்து நான் தரேன். புகைய யார் நிறுத்தறது? இந்த அடைமழைக் காலமும் இப்படியே போச்சுன்னா நான் பொறுப்பில்ல, சார்.”

பக்கத்து வீட்டு வேலம்மாள் வழி சொன்னாள். “முனிசிபாலிட்டியில ஒரு மனு எழுதிக் குடுங்க. நீங்க எழுதினா கேப்பாங்க.”

“முனிசிபாலிட்டியா?” சகாயநாதன் ஏதோ தப்பான இடத்தைச் சொல்லிவிட்டது போல அவளைப் பார்த்தார். “நாளைக்கு இன்ஸ்பெக்டர் வருவாரு, நோட்டீஸ் ஒட்டுவாரு. அவருக்கு என்ன தெரியும்? பெரியண்ணனும் நானும் மனுஷங்க. உக்காந்து பேசித் தீத்துக்குவோம்.”

பேசினாரா என்றால், இல்லை. உலகத்துக்கே பேரம் கற்றுக்கொடுக்கிற மனிதருக்குக் கத்தரிக்காய்க்காரரிடம் காலணா குறைக்கச் சொல்லக்கூட நா எழாது. பின்வாசலைத் திறந்து பெரியண்ணனிடம் நாலு வார்த்தை சொல்வதற்குப் பதில், ஸ்ரீரங்கத்து வாசகசாலையில் ‘புகைக்கும் ஒரு விலை உண்டு’ என்று பிரசங்கம் ஏற்பாடு செய்துகொண்டு, பெரியண்ணனுக்கு அழைப்பிதழ் அனுப்பினார். புத்தியுள்ளவன் குறிப்பறிந்துகொள்வான் என்பது அவர் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்ததும் பஸ் ஏறினார். ஸ்ரீரங்கம் போகிற பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஆளை ஏற்றுவதைப் பார்த்தாலே அவருக்கு உற்சாகம் பொங்கும். அன்று பேச்சும் நன்றாக அமைந்தது. மில்காரர் புகை விடுகிறார், பக்கத்து வீட்டுக்காரர் கஷ்டப்படுகிறார், நடுவில் அதிகாரி எதற்கு என்று கேட்டார். பதினெட்டுப் பேர் கேட்டார்கள். முன்வரிசையில் மடிப்புக் கலையாத துண்டோடு பெரியண்ணன் உட்கார்ந்திருந்தார்.

தலைமை வகித்த ஐயங்கார், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், முடிவில் எழுந்தார். “உபந்யாசம் திவ்யமா இருந்தது. அடியேனுக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த விலையைச் சொல்ல வேண்டியது யாரு?”

“கஷ்டப்படறவர் சொல்லணும்,” என்றார் சகாயநாதன் கம்பீரமாக. “லாபம் அடையறவர் கொடுக்கணும். அதோட ரெண்டு பேருக்கும் திருப்தி.”

எல்லாரும் கைதட்டினார்கள். பெரியண்ணன் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

மறுநாள் சாயங்காலம் அவர் வீடு தேடி வந்துவிட்டார். பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு பூவன் பழம், மல்லிகைப் பந்து. பெண் கேட்டு வந்தவர் போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“வாத்தியாரய்யா, நேத்து நீங்க பேசினது அப்பிடியே மனசுல பதிஞ்சிருச்சு. இதுவரைக்கும் எனக்கு இப்பிடி எடுத்துச் சொன்னவங்க இல்ல. தங்கச்சிக்கு மூச்சு முட்டுதுன்னு வேலம்மா சொல்லித்தான் தெரியும். எனக்கு அதுல வருத்தம். ஆனா புகைபோக்கிய உசத்தணும்னா பெரிய செலவு. அதுக்கு இது சல்லிசு. நீங்க விலையச் சொல்லுங்க, மாசாமாசம் முதல் தேதி நானே கொண்டாந்து குடுத்திடறேன்.”

மனிதர் கிண்டல் செய்யவில்லை. அது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பதினெட்டுப் பேரில் தன் பேச்சை முழுசாக நம்பிய ஒரே ஆள் இவர்தான் என்று வாத்தியாருக்கு அப்போது உறைத்தது.

“வாய்விட்டுச் சொல்லக் கூச்சமா இருந்தா பரவாயில்லீங்க,” என்று பெரியண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். அவருடைய அப்பா மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். அங்கே விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் கையைக் கோத்து விரலைப் பிடித்துச் சொல்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. “ஒரு விரலுக்குப் பத்து ரூபா. எத்தன விரலோ, புடிங்க. நான் குறச்சுக் கேக்க மாட்டேன்.”

வாத்தியாரின் வலது கை துண்டுக்கு அடியில் போய்விட்டது. எப்படிப் போனது என்று அவருக்கே தெரியவில்லை. பெரியண்ணனின் கை சூடாக, முரடாக, காத்துக்கொண்டிருந்தது. அடுக்களை நிலையில் லூர்துராணி காப்பித் தம்ளர்களோடு நின்றாள். அவள் மூச்சு விடும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது, பழைய கதவின் கீல் போல.

ஒரு விரலா? அவளுடைய ஒரு விடியற்காலைக்கு எவ்வளவு? மூன்று விரல் பிடித்தால் மாதம் முப்பது ரூபாய். அவருடைய கொள்கைப்படி அதற்குப் பிறகு அவள் இருமினால் அது பைசல் செய்யப்பட்ட இருமல். ஐந்து விரலையும் பிடித்தால்? அடைமழைக்குப் பிறகு அவளே இல்லாமல் போனால், அப்போதும் இந்த மனிதர் முதல் தேதி நாணயமாக வந்து கதவைத் தட்டுவாரே.

நெடுநேரம் ஆயிற்று. துண்டு அசையவில்லை.

பெரியண்ணன்தான் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார். “மன்னிச்சுக்குங்க,” என்றார். “விக்கிறதுக்கு இல்லாதத நான் விலை கேட்டுட்டேன்.” காப்பியைக் குடித்துவிட்டு, தட்டை அங்கேயே வைத்துவிட்டு, தலை குனிந்தபடி போனார்.

லூர்துராணி தம்ளரை எடுக்க வந்தாள். “துண்டுக்குள்ள என்னங்க சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல.”

அவள் மல்லிகைப் பந்திலிருந்து ஒரு கண்ணியைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை சகாயநாதன் பள்ளிக்கு லீவு போட்டார். முனிசிபாலிட்டி சுகாதாரப் பிரிவில் டோக்கன் வாங்கிக்கொண்டு, பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கொள்கை பேசவில்லை. புகைபோக்கியை உயர்த்த உத்தரவிட வேண்டும் என்று அவர் எழுதியிருந்த மனு ஐந்தே வரி.

அதிகாரி சின்ன வயசுக்காரர். மனுவைப் படித்தார், கையெழுத்தைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆளையும் பார்த்தார்.

“சார், பாலக்கரை சகாயநாதன்னா... இந்த ஆபீசே எதுக்கு, இழுத்து மூடுங்கன்னு பேப்பர்ல எழுதுவீங்களே, அவரா?”

“ஆமாங்க. நான்தான்.”

“அப்ப இது என்ன சார்?”

சகாயநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். அறையிலிருந்த குமாஸ்தாக்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முக்கால் மணி நேரத்துக்குத் தயாரானார்கள்.

“அது என் கொள்கைங்க,” என்றார் அவர். “இது என் சம்சாரம்.”