அழுகை அம்மாவுடையது

அந்தப் படத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் அந்த அழுகைக்கு வந்துவிடுகிறார்கள். இறக்கை முளைத்த பாம்பு அவர்களுக்கு மறந்துவிட்டது, இளவரசியின் வாள் மறந்துவிட்டது. பிள்ளையைப் பாம்பு தூக்கிக்கொண்டு போனதும் ஒரு தாய் மலைச்சரிவில் உட்கார்ந்து அழுவாளே, அது மட்டும் மனதைவிட்டுப் போகவில்லையாம். எங்கள் மலையூர் பிரிஞ்சாங்கில் நான் வேலை செய்யும் பூக்கடையில்கூட ஒருத்தி சொன்னாள், நடித்தால் அப்படி நடிக்க வேண்டும் என்று. பூவைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். திரையில் தெரிந்த முகம் ஒரு நடிகையுடையது. அழுகை என் அம்மாவுடையது.

தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி ஒரு படக்குழு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து இரண்டு வாரம் தங்கியது. ஏழு மலை, ஒரு மந்திரவாதி, ஒரு பாம்பு என்று மாயாஜாலக் கதை. லயத்து வீடுகளில் இருந்தவர்களுக்குச் சாக்கு மாதிரி உடுப்பைப் போட்டு அந்த மலைநாட்டு ஜனங்கள் ஆக்கினார்கள். அம்மாவும் போனாள். நாற்பது வருஷம் கொழுந்து பறித்த மலையில் சும்மா நிற்பதற்குக் கூப்பிட்டுச் சோறு போடுகிறார்களே என்று அவளுக்கு ஒரே சிரிப்பு.

குழுவில் ஓர் உதவி இயக்குநர். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். குளிர் தாங்காமல் எங்கள் வீட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொள்வான். அம்மாவை அம்மா என்றே கூப்பிட்டான். அம்மா அலமாரியைத் திறந்து என் தம்பியின் சுவெட்டரை எடுத்து அவனுக்குக் கொடுத்தாள். நான் ஆடிப்போய்விட்டேன், ஏனென்றால் அந்த அலமாரியை ஆறு வருஷமாக யாரும் திறக்கவே இல்லை.

தம்பி கோலா தெர்லாவுக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் போய் ஒரு காய்கறி லோரியில் மோதி இறந்தான். சாவு வீட்டில் மற்ற பெண்கள் எல்லாம் ஒப்பாரி வைத்தார்கள். அம்மா வைக்கவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவன் பெயரை யார் எடுத்தாலும் எழுந்து உள்ளே போய்விடுவாள். நானும் எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் அந்த உதவி இயக்குநரிடம் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு மாயாஜாலப் படம் என்றால் பைத்தியம். பார்த்ததில் எது நின்றது, எது கரைந்தது என்று எனக்கென்று ஒரு கணிப்பு உண்டு.

"பூதம், பாம்பு எல்லாம் நாலு வருஷத்துல பழசாயிடும்," என்றேன். "மந்திரத்தாலகூட திருப்பித் தர முடியாத ஒண்ண யாராவது தொலைக்கணும். அப்பதான் படம் நிக்கும். எல்லாம் திரும்பி வந்துட்டா நாமளும் வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துடுவோம்லா."

"சூப்பரா சொல்றீங்கக்கா. அப்படித் தொலைச்சவங்க இங்க யாராச்சும் இருக்காங்களா?"

அம்மா கொடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தம்பியின் பெயர், மோட்டார், அம்மா அழாதது. ஆறு வருஷமாக வீட்டில் பேச முடியாததைக் கேட்க ஒரு காது கிடைத்தது, அவ்வளவுதான். யாரிடமும் சொல்லிவிடாதே என்றேன். சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றான்.

இரண்டு நாள் கழித்துப் பிள்ளையைப் பறிகொடுக்கும் தாயாக அம்மாவைக் கேமரா முன்னால் நிறுத்தினார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போய் வேடிக்கை பார்த்தேன். அம்மாவுக்கு வெட்கம். முதல் தடவை சிரித்துவிட்டாள். இரண்டாவது தடவையும் சிரித்தாள். அப்போது எங்கள் அடுப்படியில் உட்காரும் அந்தப் பையன் இயக்குநரிடம் போய் ஏதோ சொன்னான். இயக்குநர் வந்து அம்மாவின் காதருகே குனிந்தார். அம்மாவின் முகம் மாறியது. தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். அந்த ஆறு வருஷமும் சேர்ந்து வந்தது. காட்சி முடிந்தது என்று கத்திய பிறகும் அவளால் நிறுத்த முடியவில்லை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள், பாவிகள்.

வீட்டுக்கு வந்து அம்மா முகம் கழுவிக்கொண்டு சோறு வடித்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. பெரிய திரையில் தன்னைப் பார்த்தால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு வருஷம் கழித்துப் படம் வந்தது. அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கீழே ஈப்போ டவுனில் பகல் காட்சிக்குப் போனேன். எங்கள் மலையைக் கம்ப்யூட்டரில் ஊதா நிறமாக்கியிருந்தார்கள். அது போகட்டும். அந்தக் காட்சி வந்தபோது பேர்போன ஒரு நடிகை செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் வாயைத் திறக்க, என் அம்மாவின் அழுகை வந்தது. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கடைசியில் ஓடிய பெயர்களில் டீ கொடுத்தவர் பெயர்கூட இருந்தது. அம்மா பெயர் இல்லை.

தியேட்டர் வாசலில் நின்றபடியே அந்த உதவி இயக்குநருக்குப் போன் போட்டேன்.

"அம்மா ஃபேஸ் செட் ஆகலைன்னுட்டாருக்கா டைரக்டர். வாய்ஸ மட்டும் வச்சுக்கிட்டோம். அதுவே பெருமைதானேக்கா?"

எங்கள் சோற்றைத் தின்றவன். தம்பியின் சுவெட்டரைப் போட்டுக்கொண்டே விமானம் ஏறியவன். வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டினேன். பாதியிலேயே வைத்துவிட்டான்.

மலை ஏறும் வழியெல்லாம் பொருமிக்கொண்டே ஓட்டினேன். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான் என்றேன். உன் முகத்தைத் திருடிவிட்டார்கள் என்றேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"மூஞ்சி வராதது நல்லதுலா," என்றாள் ஒரு வளைவு தாண்டி. "யாரும் வந்து கேக்க மாட்டாங்க." அடுத்த வளைவில், "அன்னைக்கு அந்த டைரக்டரு என் காதுல தம்பி பேரச் சொன்னாரு."

அதற்கு மேல் என்னால் ஓட்ட முடியவில்லை. ஓரமாக ஒரு காய்கறிக் கடை முன்னால் காரை நிறுத்தினேன்.

"நான்தாம்மா அவன்கிட்ட சொன்னேன்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். வீட்டுல வேற யாரு இருக்கா? நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." அம்மா இன்னும் என் பக்கம் திரும்பவில்லை. "அவன் பேரச் சொல்லி என்னைய அழ வச்சப்ப உனக்குக் கோவம் வரல. என் மூஞ்சி வரலன்னதும்தான் வருது."